கூட்டம் கலைந்த பிறகு அரசமைப்பை யார் எழுதுவது?

2022 ஜூலை 14ஆம் நாள் கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதத்தை அனுப்பியபோது, காலிமுகத்திடலில் மூன்று மாதங்களாகக் கூடாரமிட்டுக் கிடந்தவர்கள் கேட்ட இரண்டில் ஒன்று கிடைத்துவிட்டது. ஆள் போய்விட்டார், நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதிப் பதவி போகவில்லை. 2020இல் தெரிவான அதே நாடாளுமன்றம் ஜூலை 20 அன்று புதியவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு நாள் கழித்து, விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். அக்டோபரில் நிறைவேறிய 21ஆம் திருத்தம் அந்தப் பதவியின் அதிகாரங்களைச் சற்றே நறுக்கியதோடு நின்றுகொண்டது.

அறவழியில் திரண்ட மக்கள் ஓர் ஆட்சியை அசைத்துவிட்டால், அடுத்த அரசமைப்பை யார், எப்போது, எந்த வரிசையில் எழுதுவது என்பதைச் சில வாரங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். கொழும்பில் யாரும் முடிவெடுக்காமலேயே முடிவு அமைந்துவிட்டது: இருக்கிற நாடாளுமன்றம் இருக்கிற சட்டத்தைத் தானே திருத்திக்கொள்ளும். வேறு சில நாடுகள் இதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தன. பிலிப்பைன்ஸ் 1986இல் ஒரு நியமன ஆணையத்திடம் எழுத்து வேலையை ஒப்படைத்தது. போலந்து 1989இல் பழைய ஆட்சியாளருடன் வட்டமேசையில் அமர்ந்து, பழைய அரசமைப்பையே திருத்தித் திருத்தி நகர்ந்தது. துனீசியா 2011இல் நேரடித் தேர்தல் நடத்தி முழு அதிகாரம் கொண்ட நிர்ணய சபையை அமைத்தது. தென்னாப்பிரிக்கா 1993க்கும் 1996க்கும் இடையே இரண்டு கட்டமாக எழுதியது. இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எடைபோட ஓர் எடைக்கல் வேண்டும். வேகம், மக்கள் பங்கேற்பு, நீடித்து நிற்றல் என்று பலவற்றைச் சொல்லலாம். எனக்கு இவை அனைத்திற்கும் முந்தியதாகப் படுவது வேறொன்று. அறப்போராட்டத்தின் வலிமை முழுவதும் ஒத்துழைக்க மறுப்பதில் இருக்கிறது. தொழிலாளி ஆலைக்குப் போவதில்லை, வாடிக்கையாளர் கடைக்குப் போவதில்லை, சிப்பாய் துப்பாக்கியைத் தூக்குவதில்லை. இந்த வலிமையைப் பெட்டியில் பூட்டிவைத்து நாளைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அடுப்பெரிய வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், கூட்டம் ஒருநாள் கலைந்துதான் ஆக வேண்டும். மனிலாவில் கூட்டம் தெருவில் நின்றது நான்கு நாட்கள். அங்கே அரசமைப்பை எழுத நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று, போலந்தில் எட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில், வீடு திரும்பிவிட்ட கூட்டத்தின் இடத்தில் எது நின்று பேரம் பேசுகிறது என்பதே நான் கேட்கும் கேள்வி.

வேகத்தில் பிலிப்பைன்ஸை மிஞ்ச ஆளில்லை. 1986 பிப்ரவரி 7 அன்று நடந்த திடீர்த் தேர்தலில், தாங்கள் பதிவு செய்த எண்களும் பலகையில் காட்டப்பட்ட எண்களும் பொருந்தாததைக் கண்ட தேர்தல் ஆணையக் கணினிப் பணியாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் எழுந்து வெளியேறினார்கள். கர்தினால் ஹைமே சின் வெரித்தாஸ் வானொலியில் அழைப்பு விடுக்க, எட்சா நெடுஞ்சாலையில் கன்னியாஸ்திரீகள் கையில் செபமாலையோடு கவச வண்டிகளின் முன் மண்டியிட்டார்கள். 25ஆம் நாள் இரவு சர்வாதிகாரி மார்கோஸ் ஓடிப்போனார். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 25 அன்று, தேர்தலில் அவரை எதிர்த்து நின்று இப்போது குடியரசுத் தலைவராகியிருந்த கொரசோன் அக்கினோ, மார்கோஸ் காலத்து நாடாளுமன்றத்தைக் கலைத்து ஓர் இடைக்கால அரசமைப்பைப் பிரகடனம் செய்தார். அவர் நியமித்த 48 பேர் கொண்ட ஆணையம், முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி செசிலியா முன்யோஸ் பால்மா தலைமையில் ஜூன் தொடக்கத்தில் கூடி அக்டோபர் நடுவில் வேலையை முடித்தது. 1987 பிப்ரவரி 2 வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் அதை ஏற்றார்கள்.

அந்த வேகத்திற்கு ஒரு நியாயம் இருந்தது. இராணுவம் பிளவுபட்டுக் கிடந்தது. அக்கினோவுக்கு எதிராக 1986 முதல் 1989 வரை அடுத்தடுத்து ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிகள் நடந்தன. எழுதி முடித்த அரசமைப்பு ஒன்று கையில் இல்லாதிருந்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று வென்றிருக்கக்கூடும். எழுதியவர்கள் பட்ட காயத்தை மறக்கவும் இல்லை. 1972இல் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து எட்டாண்டுக்கு மேல் அதை நீட்டித்த மார்கோஸை மனத்தில் வைத்து, இராணுவச் சட்டம் அறுபது நாளுக்கு மேல் தானாக நீடிக்காது, 48 மணி நேரத்தில் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும், உச்ச நீதிமன்றம் அதன் அடிப்படையை ஆராயலாம் என்று நுணுக்கமாக எழுதினார்கள். குடியரசுத் தலைவருக்கு ஆறாண்டு கொண்ட ஒரே ஒரு பதவிக்காலம்.

ஆனால் கூட்டத்தின் இடத்தில் நின்றது அக்கினோ என்ற ஒற்றை மனிதரின் செல்வாக்கு மட்டுமே. அந்தச் செல்வாக்கால் எதிர்க்க முடிந்த இடங்களில் அரசமைப்பு கூர்மையாக இருக்கிறது. அவருடைய சொந்த வர்க்கத்தைத் தொட வேண்டிய இடங்களில் மழுங்கிவிடுகிறது. அரசியல் குடும்ப ஆதிக்கத்தை அரசு தடை செய்யும் என்று இரண்டாம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது; அதன் வாலில் ‘சட்டம் வரையறுக்கும்படி’ என்று ஒட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய காங்கிரசில் அமர்ந்திருந்தவர்கள் அதே குடும்பத்தார்தான். நாடு முழுமைக்கும் பொருந்தும் அப்படியொரு சட்டம் வரவே இல்லை. 2022இல் மார்கோஸின் மகன் குடியரசுத் தலைவரானார். நிலச் சீர்திருத்தமும் இவ்வாறே காங்கிரசின் கைக்குப் போயிற்று. வாக்கெடுப்புக்குப் பதினொரு நாள் முன்பு, 1987 ஜனவரி 22 அன்று, நிலம் கேட்டு மெண்டியோலா பாலத்தருகே ஊர்வலமாக வந்த உழவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். ஆணையத்தில் அவர்களைப் போன்றோர் சிலர் இருந்தார்கள். அவர்களை உள்ளே அனுப்பியது ஒரு கையொப்பம், உழவர்களின் வாக்கு அன்று.

போலந்தின் வழி இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. அங்கே 1980இல் எழுந்த சொலிடாரிட்டி தொழிற்சங்கம், இராணுவச் சட்டத்தையும் சிறையையும் தலைமறைவையும் கடந்து ஒன்பது ஆண்டுகளாக உயிரோடிருந்தது. எனவே கூட்டத்தின் இடத்தில் நிற்க ஓர் அமைப்பு தயாராக இருந்தது. 1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை வார்சாவில் நடந்த வட்டமேசைப் பேச்சில், கீழவையின் 460 இடங்களில் 161க்கு மட்டும் சுதந்திரப் போட்டி, புதிதாக உயிர்ப்பிக்கப்பட்ட மேலவையின் 100 இடங்களுக்கும் சுதந்திரப் போட்டி என்று உடன்பாடு கண்டார்கள். ஜூன் 4 அன்று வாக்களித்த மக்கள், இரண்டாம் சுற்று முடிந்தபோது, அந்த 161ஐயும் மேலவையின் 99ஐயும் சொலிடாரிட்டியிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். (பெய்ஜிங்கில் டாங்கிகள் தியனன்மென் சதுக்கத்தை வெறுமையாக்கியதும் அதே ஜூன் 4தான், பலர் மறந்துவிடும் நாளொற்றுமை இது.) ஆகஸ்டில் சொலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமரானார், டிசம்பர் இறுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘வழிநடத்தும் பாத்திரம்’ அரசமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

இந்த வழியின் அருமை, எதிராளிக்கு ஒரு கதவைத் திறந்துவைப்பது. கதவு தெரிந்தால் எதிராளி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சண்டை போடமாட்டான். குறையும் அந்தக் கதவிலேயே இருக்கிறது. திருத்தித் திருத்தி ஓட்டலாம் என்று இருந்துவிட்டதால், 1992இல் ஒரு ‘சிறு அரசமைப்பு’ வந்து, முழு அரசமைப்பு 1997 ஏப்ரல் 2 வரை தள்ளிப்போயிற்று. அதற்குள் புரட்சியைச் செய்தவர்கள் துண்டு துண்டாகியிருந்தார்கள். 1993 தேர்தலில் வலதுசாரிக் கட்சிகள் பல குறைந்தபட்ச விழுக்காட்டைத் தாண்டாமல் போனதால், பதிவான வாக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடமின்றி வீணாயிற்று. வட்டமேசையில் அரசுத் தரப்பில் அமர்ந்திருந்த க்வாஸ்னியெவ்ஸ்கி அரசமைப்புக் குழுவின் தலைவராக இருந்து, பின்னர் குடியரசுத் தலைவராகி, அந்த அரசமைப்பில் கையொப்பமிட்டார். வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்களில் சுமார் 53 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். நல்ல சட்டந்தான். ஆனால் ‘இது எங்களை வெளியே நிறுத்திவைத்து எழுதியது’ என்ற முணுமுணுப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

பழைய ஏட்டிலேயே எழுதிக்கொண்டு போவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் செக், ஸ்லோவாக் உறுப்பினர் இரு பகுதிக்கும் தனித்தனித் தடையுரிமை தந்திருந்தது. ஒற்றைக் கட்சி ஆண்ட காலத்தில் அது வெறும் காகித அலங்காரம். 1989க்குப் பின் அதே விதிக்கு உயிர் வந்து, புதிய கூட்டாட்சி அரசமைப்பு எதுவும் நிறைவேற முடியாதபடி முட்டுக்கட்டை போட்டது. 1993 ஜனவரி 1 அன்று நாடே இரண்டாயிற்று. அமைதியாகப் பிரிந்தார்கள் என்பது உண்மை. பிரிவதற்குப் பொதுவாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை என்பதும் உண்மை.

நேரடித் தேர்தலில் தெரிவான நிர்ணய சபை என்பது படிக்கும்போதே நெஞ்சுக்கு நிறைவு தரும் வழி. மக்களே இறைமை உடையவர்கள் என்றால் எழுதுவோரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், வேறென்ன வேண்டும்? துனீசியர்கள் அதைக் கேட்டுத்தான் பெற்றார்கள். 2011 ஜனவரி 14 அன்று சர்வாதிகாரி பென் அலி ஓடிய பிறகும், அவருடைய பிரதமரே ஆட்சியைத் தொடர்ந்தபோது, உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் தலைநகரின் கஸ்பா சதுக்கத்தில், பிரதமர் அலுவலகத்தின் வாசலிலேயே, பாய் விரித்துப் படுத்தார்கள். பிப்ரவரி இறுதியில் பிரதமர் விலகினார். நிர்ணய சபைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 23 அன்று 217 பேர் தெரிவானார்கள். 89 இடங்களுடன் இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா முதலிடத்தில் வந்தது.

தேர்தலுக்கு முன் முக்கியக் கட்சிகள் பல, ஓராண்டுக்குள் எழுதி முடிப்போம் என்று கையொப்பமிட்டிருந்தன. ஆயிற்று இரண்டு ஆண்டு மூன்று மாதம். எழுதும் சபையே ஆளும் சபையாகவும் இருந்ததால், ஒவ்வொரு பிரிவின் விவாதமும் அன்றாட ஆட்சிச் சண்டையோடு பின்னிக்கொண்டது. பெண்ணை ஆணுக்குத் ‘துணைநிரப்பு’ என்று வருணித்த ஒரு வரைவு வாசகத்திற்கு எதிராக 2012 ஆகஸ்டில் பெண்கள் தெருவுக்கு வந்து அதை மாற்றவைத்தார்கள். 2013இல் ஷுக்ரி பெலாயித், முகமது பிராஹ்மி என்ற இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது சபை ஸ்தம்பித்தது. பார்தோவில் சபைக் கட்டடத்தின் முன் மக்கள் மீண்டும் அமர்ந்தார்கள். அப்போது நடுவில் நின்றது தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. அது முதலாளிகள் சங்கத்தையும் மனித உரிமைக் கழகத்தையும் வழக்கறிஞர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு இரு தரப்பையும் மேசைக்கு இழுத்தது. அந்த நால்வர் அணிக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2014 ஜனவரி 26 அன்று 200 பேர் ஆதரவாகவும் 12 பேர் எதிராகவும் வாக்களிக்க, அரசமைப்பு நிறைவேறியது. அரபு நாடுகளில் அதற்கு இணையான ஒன்று அதுவரை வந்ததில்லை என்று நான் சொல்வேன்.

பிறகும் ஏன் அது ஏழே ஆண்டுகளில் சரிந்தது? சரிந்த இடத்தைத் துல்லியமாகக் காட்ட முடியும். 12 நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு நீதிமன்றம் ஒன்றை அச்சட்டம் ஏற்படுத்தியது: நான்கு பேரை நாடாளுமன்றமும், நான்கு பேரை நீதித்துறை மன்றமும், நான்கு பேரைக் குடியரசுத் தலைவரும் நியமிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டதால், கட்சிகள் ஒருவர் ஆளை ஒருவர் வீழ்த்தி, இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தன. நீதிமன்றம் அமையவே இல்லை. 2021 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவர் கைஸ் சையத் 80ஆம் பிரிவின் கீழ் நெருக்கடி நிலையை அறிவித்து நாடாளுமன்றத்தை முடக்கினார். முப்பது நாட்களுக்குப் பின் அந்த நெருக்கடி இன்னும் தொடர்கிறதா என்று கேட்டு அந்த நீதிமன்றத்திடம்தான் போகலாம் என்கிறது அதே பிரிவு. கதவைத் தட்டலாம், உள்ளே ஆளில்லை. மறு ஆண்டு ஏறக்குறைய முப்பது விழுக்காட்டினர் மட்டுமே கலந்துகொண்ட வாக்கெடுப்பின் வழியாக சையத் தம் சொந்த அரசமைப்பைக் கொண்டுவந்தார்.

நேபாளமும் இதே வழியில் 601 பேர் கொண்ட சபையை 2008இல் தேர்ந்தெடுத்து, அது எழுதாமலே கலைந்து, இரண்டாம் சபையை வைத்து 2015இல்தான் முடித்தது என்பதை இங்கே குறித்துவிட்டு நகர்கிறேன்.

தென்னாப்பிரிக்காவை அறப்புரட்சியின் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு ஆயுதப் பிரிவு இருந்தது. அது 1990 ஆகஸ்டில்தான் ஆயுதப் போராட்டத்தை நிறுத்திவைத்தது. பேச்சுவார்த்தை நடந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வன்முறையில் மாண்டார்கள். ஆனால் வெள்ளையர் ஆட்சியை மேசைக்குக் கொண்டுவந்ததில் துப்பாக்கிகளைவிட வாடகை மறுப்பும், வேலைக்குப் போகாமையும், கடைப் புறக்கணிப்பும் செய்தது அதிகம். 1985இல் போர்ட் எலிசபெத் நகரின் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தியபோது, சில மாதங்களிலேயே கடைக்காரர்கள் தங்கள் அரசாங்கத்திடம் போய், அவர்களோடு பேசுங்கள் என்று மன்றாட வேண்டியதாயிற்று.

அங்கே இருந்த சிக்கல் இது. பெரும்பான்மையினர், தேர்தலில் தெரிவான சபையே எழுத வேண்டும் என்றார்கள்; சிறுபான்மை ஆட்சியினர், தேர்தலில் தோற்கப்போவதை அறிந்திருந்ததால், தேர்தலுக்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்றார்கள். 1991 டிசம்பரில் தொடங்கிய பேச்சு 1992இல் முறிந்தது. கறுப்பினக் குடியிருப்பான போய்பட்டோங்கில் நடந்த படுகொலைக்குப் பின் மக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, செப்டம்பர் 26 உடன்படிக்கையோடு இரு தரப்பும் திரும்பின. கண்ட தீர்வு எளிமையானது: நெறிகளை முதலில், ஒருவருக்கும் இன்னும் இட எண்ணிக்கை தெரியாத நிலையில், எல்லோரும் பேசி முடிவு செய்வது, விதிகளைப் பிறகு, தெரிவான சபை எழுதுவது, விதி நெறிக்குப் பொருந்துகிறதா என்பதை இரு தரப்பையும் சாராத ஒரு நீதிமன்றம் பார்ப்பது. இடைக்கால அரசமைப்பில் 34 நெறிகள் இணைக்கப்பட்டன. கெம்ப்டன் பார்க்கில் அவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோதே, 1993 ஜூனில், தீவிர வலதுசாரிகள் கவச வண்டியால் கட்டடத்தின் கண்ணாடி முகப்பை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அவர்கள் கலைந்ததும் பேச்சு தொடர்ந்தது.

1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல். காங்கிரசுக்கு 400இல் 252 இடம், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. இரு அவைகளும் சேர்ந்த 490 பேர் 1996 மே 8 அன்று புதிய அரசமைப்பை நிறைவேற்றினார்கள்: 421 ஆதரவு, 2 எதிர்ப்பு. மண்டேலாவின் கட்சி நிறைவேற்றிய அந்தச் சட்டத்தை, மண்டேலா நியமித்த நீதிபதிகள் செப்டம்பர் 6 அன்று ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். உரிமைப் பட்டியலைத் திருத்துவது மிக எளிதாக இருக்கிறது, தணிக்கையாளருக்குப் போதிய பாதுகாப்பில்லை, மாகாணங்களின் அதிகாரம் குறைந்திருக்கிறது என்பன காரணங்களில் சில. சபை திருத்தியது, டிசம்பர் 4 அன்று நீதிமன்றம் சான்றளித்தது, 10ஆம் நாள் ஷார்ப்வில்லில் மண்டேலா கையொப்பமிட்டார். ஆளுங்கட்சி தன் மகத்தான வெற்றியின் உச்சத்தில் ‘சரி, திருத்துகிறோம்’ என்று சொன்ன அந்த மூன்று மாதங்கள், என் பார்வையில், கையொப்பமிட்ட நாளைவிடப் பெரியவை.

கூட்டத்தின் இடத்தில் இங்கே நின்றவை இரண்டு: நீதிமன்றமும், ஓயாத தொழிற்சங்கமும். 1996 ஏப்ரல் 30 அன்று, முதலாளிகளுக்கு ஆலையைப் பூட்டும் உரிமையை அரசமைப்பில் எழுதக்கூடாது என்று, தன் சொந்தத் தோழமைக் கட்சியின் சபைக்கு எதிராகவே தொழிற்சங்கக் கூட்டமைப்பு வேலைநிறுத்தம் செய்தது. அந்த விதி எழுதப்படவில்லை. இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பழைய அதிகாரிகளின் வேலைக்கு உத்தரவாதம், சொத்துரிமைக்குப் பாதுகாப்பு, குற்றங்களுக்கு மன்னிப்பு வழி ஆகியவை முதற்கட்டப் பேரத்தில் தரப்பட்டவை. நிலம் பெரும்பாலும் இருந்தவர் கையிலேயே இருந்தது.

ஆக, தேர்வு எதைப் பொறுத்தது? எதிராளி இன்னும் படையையும் கருவூலத்தையும் கையில் வைத்திருந்தால், இரு கட்ட வழியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். எதிராளி உள்ளூர உளுத்துப்போயிருந்து, எதிர்த்தரப்பில் வலுவான ஓர் அமைப்பும் இருந்தால் போலந்து வழி போதும். ஆனால் முழு அரசமைப்பு வந்தாக வேண்டிய நாளை முதல் உடன்பாட்டிலேயே எழுதிவிட வேண்டும். ஆட்சியாளர் ஓடிவிட்டார், படைமுகாமில் சதி நடக்கிறது என்றால் பிலிப்பைன்ஸின் வேகத்திற்கு மதிப்புண்டு. நிலம், சொத்து, குடும்ப ஆதிக்கம் பற்றிய பிரிவுகளைப் பின்னால் வரும் சட்டமன்றத்திற்கு விடாமல் இருந்தால். நேரடி நிர்ணய சபை, கட்சிகளுக்கிடையே ஓரளவேனும் நம்பிக்கை இருக்கும் நாட்டிற்கு உரியது. அந்த நம்பிக்கை இருந்தால் எந்த வழியும் பலிக்கும் என்பதுதான் சங்கடம்.

ஓர் எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 1949 நவம்பர் 25 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசமைப்பு வழிகள் திறந்துவிட்ட பிறகு சத்தியாகிரகத்தையும் சட்டமறுப்பையும் கைவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். அறப்போராட்டத்தால் பிறந்த ஒரு சபையில் நின்று அதைச் சொல்லத் துணிவு வேண்டும். நிலைபெற்ற அரசமைப்பு ஒன்றைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கையின் பாரத்தை நான் உணர்கிறேன். ஆனால் அரசமைப்பு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் காலத்திற்கு அதைப் பொருத்த முடியவில்லை. பார்தோவில் மக்கள் அமராதிருந்தால் துனீசியாவில் 2014இன் சட்டம் வந்திருக்குமா என்பது ஐயம். கஸ்பாவில் படுக்காதிருந்தால் சபையே வந்திருக்காது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் உடன்பாட்டில் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டென்றால், அது நடுவர் மன்றம் உட்காரும் நாள். துனீசியாவின் அரசமைப்பு, 2014 நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றம் அமைய வேண்டும் என்று விதித்து, அமைக்கும் வேலையை அதனால் கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களிடமே விட்டது. தென்னாப்பிரிக்காவின் பதினொரு நீதிபதிகள் 1995 பிப்ரவரி 14 அன்று பதவியேற்றார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்லவேண்டிய அரசமைப்பு அப்போது எழுதி முடிக்கப்பட்டிருக்கவில்லை.